மழைக்கு ஒரு கார்டு

"பாத்ததா, நினைச்சதா?"

அந்த அக்காவிடம் யார் எதைச் சொன்னாலும் முதலில் இதைத்தான் கேட்பார். பால்காரர் பேச்சுவாக்கில் "நேத்து சாயந்திரம் ஆவடில செம மழைம்மா" என்று சொல்லிவிட்டால் போச்சு. பாத்திரத்தை நீட்டிய கை அப்படியே நிற்கும். "நீங்க பாத்தீங்களா, பேஞ்சிருக்கும்னு நினைக்கறீங்களா? எத்தனை மணிக்கு? முதல்ல காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தது?" பால்காரருக்கு இன்னும் நாலு தெரு பாக்கி இருக்கும். இரண்டாவது மாதத்திலிருந்து அந்த மனிதர் எங்கள் வாசலில் மழையைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூரில், மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு மாடியில் இருந்த ஒற்றை அறையில் மூன்று வருஷம் குடியிருந்தார். ஊர் தெற்கே. நகரத்தில் ஒரு கல்விக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவி. முப்பதைத் தாண்டியிருந்தார், எனக்கு ஐந்தாறு வயது மூத்தவர். தினமும் அம்பத்தூர் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்துப் போவார். உதவித்தொகை மூன்று வருஷத்துக்குத்தான். அதற்குள் ஆராய்ச்சியை எழுதிக் கொடுத்தால் வடக்கே ஒரு நிலையத்தில் வேலை நிச்சயம் என்று அவருடைய பேராசிரியர் சொல்லியிருந்தார். கொடுக்காவிட்டால் அண்ணன் வீடு. அண்ணன் சும்மா இல்லை, ஒரு மாப்பிள்ளையையும் பார்த்து வைத்திருந்தார். முதல் தாரம் தவறிப்போன அரிசி மண்டிக்காரர். "ஆள் நல்லவர்தானாம். ஆனா நான் அரிசி மூட்டை இல்லையே" என்பார் அக்கா.

அவர் வடக்கே போகவில்லை. அதற்கு நானும் ஒரு காரணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெற்கே ஏதோ ஒரு கல்லூரியில் பாடம் நடத்துவதாகப் பின்னால் யாரோ சொன்னார்கள். நான் போய்ப் பார்த்ததில்லை.

அவர் ஆராய்ச்சி மழையைப் பற்றியது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வார்கள். அக்கா திருத்துவார். மழை இல்லை, மழைமேகம் எப்படி எழும்புகிறது என்பது. வெயிலில் தரை சூடாகிறது, தரையை ஒட்டிய காற்று சூடாகி மேலே போகிறது, மேலே குளிர்ந்து மேகமாகிறது. மத்தியானத்துக்கு மேல் கிழக்கேயிருந்து கடல் காற்று உள்ளே வருகிறது, மேற்கேயிருந்து ஒரு காற்று வருகிறது. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் மேகம் ஜிவ்வென்று எழும்புகிறது. "அந்த முட்டல் நம்ம தலைக்கு மேலதான் நடக்குது, பாடிக்கும் ஆவடிக்கும் நடுவுல. அதுக்காகத்தான் இங்க வந்து குடியிருக்கேன்" என்று ஒரு நாள் சொன்னார். வாடகை குறைவு என்பதால் வந்ததாக அதுவரை அம்மா நினைத்திருந்தாள்.

எனக்குப் புரியட்டும் என்று மொட்டை மாடித் தரையில் சாக்பீஸால் பெரிய சதுரம் ஒன்று போட்டார். "நாட்டையே இப்படிக் கட்டம் கட்டமாப் பிரிச்சு கம்ப்யூட்டர்ல போட்டிருக்கோம். இது ஒரு கட்டம். கடற்கரை, பாடி, முகப்பேர், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் இந்த ஒண்ணுக்குள்ளயே அடக்கம். இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு மழைதான் அதுக்குத் தெரியும்."

"அதெப்படி? பாடில ஊத்தும்போது இங்க காஞ்சு கெடக்குமே" என்றேன்.

"அது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கட்டத்துக்குள்ள நடக்கற எதுவும் அதுக்குத் தெரியாது. அதனால இவ்வளவு சூடுன்னா இவ்வளவு மேகம், இத்தனை மணிக்குன்னு நாங்களே ஒரு கணக்கு எழுதிக் குடுக்கறோம். நான் பண்றது முழுக்க நினைச்சதுதான். அதான் பாத்தவங்களைத் தேடி இப்படி நாயா அலையறேன்."

மறுநாள் அம்மா அந்தச் சதுரம் நிறைய மிளகாயைக் காயப்போட்டாள்.

அம்மாவுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவே போகாது, ஆனால் பிரிக்கவும் முடியாது. ஒரு முறை அடுப்படியில் நின்று அக்கா கேட்டார். "உலை கொதிக்கும்போது முதல் குமிழி எங்கேர்ந்து வரும்? யாராலயும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. என் பிரச்சினையே அதுதாம்மா."

அம்மா அரிசி களைந்துகொண்டே சொன்னாள். "இன்னாத்துக்குச் சொல்ல முடியாது? பானை எங்க நசுங்கிக் கீதோ அங்கேர்ந்துதான் வரும்."

"பாத்ததா, நினைச்சதா?"

"நாப்பது வருசமா தெனம் ரெண்டு வேளை பாக்கறேன். கேக்கறா பாரு கேள்வி!"

அன்றைக்கு அக்கா கல்விக்கூடத்துக்குப் போகவில்லை. மூன்று பானைத் தண்ணீரை மாற்றி மாற்றிக் கொதிக்க வைத்து அடுப்பெதிரே குந்திக்கொண்டிருந்தார். மூன்றாவது பானை கொதித்ததும் எழுந்து, "அம்மா சொன்னது சரி" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். கெரசின் தீர்ந்துபோனதற்கு அம்மா திட்டித் தீர்த்தாள். ஆனால் தான் சொன்னதை ஒரு படித்த பெண் எழுதிக்கொண்டாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டும் வந்தாள்.

இந்தக் குணம் எப்போதும் இனிக்காது. அடுத்த தெருப் பெண் ஒருத்தி இரண்டு நாளாகக் காணோம். யாருடனோ போய்விட்டாள் என்று வாசலில் நாலு பேர் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள், அம்மாதான் நடுநாயகம். மாடிப்படி இறங்கி வந்த அக்கா அதே கேள்வியைக் கேட்டார். கும்பல் கலைந்தது. அந்தப் பெண் திருத்தணியில் அத்தை வீட்டிலிருந்து சாயங்காலம் திரும்பி வந்தாள். அம்மா ஒரு வாரம் அக்காவுடன் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் எரிச்சல்தான். மனுஷர்கள் கொஞ்சம் நினைத்துக்கொண்டு, கொஞ்சம் பேசிக்கொண்டு இருக்கக் கூடாதா? எல்லாவற்றுக்கும் சாட்சி வைத்துக்கொண்டா வாழ முடியும்?

அவரிடம் ஒரு நல்லது உண்டு. அதே அளவுகோலைத் தனக்கும் வைத்துக்கொள்வார். "இன்னிக்கு மழை வருமா?" என்று யார் கேட்டாலும், "தெரியாது" என்பார், வெட்கமே படமாட்டார். "இத்தினி படிச்சுட்டு இதுகூடத் தெரியாதா" என்று அம்மா மோவாயில் இடித்துக்கொள்வாள். "தெரியாதுன்னு தெரிஞ்சுக்கத்தாம்மா இத்தனை படிச்சேன்" என்பார்.

பார்த்தவர்களைத் தேடி அவர் பிடித்துவைத்த ஆட்களில் நானும் ஒருத்தி. பூந்தமல்லியில் ஒரு டீக்கடைக்காரர், ஆவடியில் ஒரு பள்ளிக்கூட டீச்சர், முகப்பேர் ஹவுசிங் போர்டில் ஒரு வீட்டம்மா. ஆளுக்கு ஒரு நோட்டு. மழை தொடங்கிய நேரம், விட்ட நேரம் எழுத வேண்டும். அம்பத்தூருக்கு அக்காவே. பாடிக்கு நான். அங்கே ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். கேட்டை ஒட்டிய சின்ன அறை. சுவரில் கடிகாரம் வைத்த மிஷின், பக்கத்தில் தொழிலாளிகளின் கார்டுகள் செருகிய ரேக். உள்ளே வரும்போது கார்டை மிஷினில் விட்டு அடித்தால் 'இன்' என்ற இடத்தில் நேரம் அச்சாகும், போகும்போது 'அவுட்'. கார்டில் கட்டம் காலியாக இருந்தால் அன்றைய சம்பளம் போச்சு.

நோட்டில் எழுதச் சோம்பல்பட்டுத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. மழைக்கும் ஒரு கார்டு போட்டால் என்ன? மழை வந்தால் இன், விட்டால் அவுட். பெயரில்லாத கார்டு ரேக்கில் இருக்கக் கூடாது என்று ஆபீசர் முறைத்ததால் அக்காவின் பெயரையே எழுதிச் செருகிவிட்டேன். முதல் மாதக் கார்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அக்கா குழந்தை மாதிரி சிரித்தார். "நாலு அஞ்சுக்கு டூட்டில சேர்ந்து நாலு நாப்பதுக்கு ஓடிப்போயிருக்கு பாருங்க!" பிறகு கார்டைக் கண்ணருகில் பிடித்து, "இதுல நினைச்சதுன்னு ஒரு எழுத்து கிடையாது. எல்லார் நோட்டையும் விட எனக்கு உங்க கார்டுதான்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வேலையை அதுவரை யாரும் பெரிதாக எண்ணியதில்லை.

இரண்டாவது வருஷம் எனக்கு வரன் பார்க்கத் தொடங்கினார்கள். மாதத்துக்கு மூன்று நான்கு அரை நாள் லீவு. மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல் கிளம்பிவிடுவேன். மழையோ மத்தியானத்துக்கு மேல்தான் வரும். அதனால் கேட் வாட்ச்மேனிடம் கார்டை ஒப்படைத்தேன். வயதானவர், எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அக்கா ஒரு முறை மிஷினைப் பார்க்க வந்தபோது அவரைப் பார்த்திருக்கிறார். "மழை வந்தா இந்தக் கார்டை அடிச்சுடு நைனா, விட்டா இன்னொரு தரம்." "அவ்ளோதானே, நீ போ பாப்பா" என்றார். இதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை என்று இப்போது எழுதினால் பொய். நானே எல்லாவற்றையும் பார்த்து அடிக்கிறேன் என்று அவர் நம்பியது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாவது வருஷம் புரட்டாசியில் ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு மறுநாள் காலை வந்தேன். கார்டில் இன் மூன்று ஐந்து, அவுட் ஐந்து மணி என்று இருந்தது. இரண்டு மணி நேர மழை. ஆனால் கேட்டருகே கொட்டிவைத்திருந்த வார்ப்பட மணல் பொடிப்பொடியாகக் காய்ந்து கிடந்தது. நைனாவைக் கூப்பிட்டேன்.

"நேத்து மழை பேஞ்சுதா?"

"எங்க பேஞ்சுது? வெயில் பொளந்துச்சு."

"அப்புறம் ஏன் கார்டை அடிச்சே?"

நைனாவுக்கு என் கோபம் புரியவே இல்லை. "இன்னா பாப்பா பேசற? அந்தம்மா கார்டு நாலு நாளா காலியாக் கீது. காலியா இருந்தா சம்பளத்துல புடிப்பான். எத்தினி பேருக்குப் புடிச்சதைப் பாத்துகினு நிக்கறவன் நானு. அதுவே ஒல்லிக்குச்சியாக் கீது. மழை வராததுக்கு அது இன்னா பண்ணும், பாவம்? செகண்ட் சிப்டு கும்பல் உள்ள போனதும் இன் அடிச்சேன். ஆபீஸ் ஆளுங்க அஞ்சுக்குத்தானே ஊட்டுக்குப் போவாங்க, அப்ப அவுட் அடிச்சேன்."

தொழிற்சாலையில் ஒருவன் வராவிட்டால் இன்னொருவன் அவன் கார்டை அடித்துக் காப்பாற்றுவது வழக்கம்தான். பிடித்தால் எழுதிக் கொடுக்க வேண்டியவள் நான், பாதி நேரம் கண்டும் காணாமல் இருந்திருக்கிறேன். அந்த தர்மத்தைத்தான் நைனா மழைக்கும் செய்திருந்தார். எத்தனை நாள் என்று கேட்டேன். "நீ லீவு போட்ட நாள்லாம் கொஞ்சம் கொஞ்சம்" என்றார். இனிமேல் தொடாதே என்று கார்டைப் பிடுங்கிக்கொண்டேன்.

அன்றே சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்கு வந்தேன், சத்தியமாக. ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா இரண்டு படி இரண்டு படியாக இறங்கி ஓடி வந்தார். கையில் ஓரத்தில் ஓட்டை போட்ட நீளமான கம்ப்யூட்டர் தாள். "கிடைச்சுடுச்சு! பாடியில மழை மூணு மணிக்கே வந்துடுது. அம்பத்தூருக்கு அஞ்சு மணிக்கு மேல. ஆவடிக்கு இன்னும் லேட். கடல் காத்து உள்ள நடந்து வர்ற வழி அப்படியே தெரியுது. இதைத்தான் மூணு வருஷமாத் தேடினேன். சாருக்கு ஒரே சந்தோஷம், இந்த அத்தியாயத்தோட தீசிஸை முடிச்சுக் குடுத்துடுங்கறார்!" என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அம்மா சேமியா பாயசம் வைத்தாள். நானும் குடித்தேன்.

மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை. ஒன்றிரண்டு நாள்தானே, பெரிய கணக்கில் கரைந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று மணி என்பது கடல் காற்று வரும் நேரமா, செகண்ட் ஷிப்ட் உள்ளே போகும் நேரமா என்று மட்டும் யோசிக்கப் பயந்தேன்.

என்னைப் பேச வைத்தவர் ஆவடி டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டைக் கொடுக்க வந்தவர், அக்கா வரைந்திருந்த மழை நேரப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு தேதியைக் காட்டினார். "அன்னிக்குச் சாயந்திரம் நான் பாடி வழியாத்தான் பஸ்ல வந்தேன். ரோடு காஞ்சுதான் கெடந்துது."

அக்கா சிரித்தார். "டீச்சர், மிஷின்ல அச்சாகியிருக்கு. நீங்க வேற நாளை நினைச்சிட்டிருப்பீங்க."

அந்த அம்மாள் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார், அக்கா கேட்க மாட்டேன் என்கிறார். அப்படி ஆக்கியது நான். இனி அந்த மூன்று மணியைக் கம்ப்யூட்டரின் கணக்கில் ஏற்றப்போவதாக வேறு சொல்லிக்கொண்டிருந்தார். நைனா அடித்த நேரத்துக்கு நாட்டில் உள்ள கட்டங்களிலெல்லாம் மேகம் எழும்பப்போகிறது. டீச்சர் போனதும் சொல்லிவிட்டேன். நைனாவை, அரை நாள் லீவுகளை, காய்ந்த மணலை, எல்லாவற்றையும்.

அக்கா கேட்டது ஒன்றுதான். "உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"புரட்டாசிலேர்ந்து."

"பாயசம் குடிச்சோமே, அப்பவேயா?"

தலையாட்டினேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. தாள்களைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா கூப்பிட்டும் வரவில்லை.

மறுநாள் பாடிக்கே வந்தார், நைனாவைப் பார்க்க. நைனா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "தப்பாப் பூடுச்சாம்மா?" 

"நைனா, நீங்க அடிச்சதுல ஒரு நாளாவது நிஜமா மழை பேஞ்சுதா?"

"ஒண்ணு ரெண்டு நாள் பேஞ்சுது கண்ணு. எந்த நாள்னு கேட்டா தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொல்லக் கூடாதில்ல?"

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "எனக்குச் சம்பளம் போயிடுமேன்னு கவலைப்பட்ட ஒரே ஆள் நீங்கதான்" என்று சொல்லி, கேட்டுக்கு வெளியே இருந்த கடையில் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, கூடவே நின்று குடித்தார். என்னைக் குடிக்கிறாயா என்று கேட்கவில்லை. நைனாவை மன்னிக்க அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. என் விஷயம் வேறு என்று அந்த டீக்கடையில் எனக்கு உறைத்தது.

அதன் பிறகு ஐந்து மணிக்கு மேல் ஆபீசில் என் மேஜையிலேயே உட்கார்ந்து கார்டுகளைப் பிரித்தோம். பழைய கார்டுக் கட்டு ஒரு பக்கம், லீவு ரிஜிஸ்டர் ஒரு பக்கம். நான் அரை நாள் லீவில் இருந்த நாள் என்றால் அக்கா சிவப்புப் பேனாவால் கோடு போட்டுத் தள்ளிவிடுவார். நான் இருந்த நாள் என்றால் வைத்துக்கொள்வார். கார்டு, தேதி, கோடு. மூன்றாவது நாள் சாயங்காலத்துக்குள் மூன்று மணி மழைகள் ஏறக்குறைய எல்லாம் போய்விட்டன. மிச்சம் இருந்த மழைகள் பாடியிலும் அம்பத்தூரிலும் ஒரே நேரத்தில் வந்தன.

அப்போதுதான் அந்த ஆடி மாதக் கார்டு வந்தது. அதில் ஒரு தேதிக்கு இன் இரண்டு பத்து. அவுட் நான்கு. அக்கா ரிஜிஸ்டரைப் புரட்டினார், விரலை வைத்து மேலும் கீழும் பார்த்தார். அந்தத் தேதியில் நான் லீவில் இல்லை.

"அன்னிக்கு நீங்க இருந்திருக்கீங்க" என்றார். குரல் மாறியிருந்தது. "ரெண்டு பத்து. அன்னிக்கு அம்பத்தூர்ல அஞ்சரைக்கு மேலதான். நானே எழுதியிருக்கேன். நல்ல வித்தியாசம். இது ஒண்ணு நின்னாப் போதும், இதை மட்டும் வெச்சு அந்த அத்தியாயத்தை எழுதிடுவேன். சார்கிட்ட நான் பேசிக்கறேன்."

நான் கார்டை எடுத்துத் தேதியைப் பார்த்தேன்.

"நீங்க அடிச்சதுதான் இது. நீங்க ஆபீஸ்லதானே இருந்தீங்க? நீங்கதான் பாத்து அடிச்சிருப்பீங்க. இல்லையா?"

அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மூன்று வருஷத்தில் யாரிடமும் அப்படி ஒரு பதிலை அவரே எடுத்துக் கொடுத்ததில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வடக்கே போய்விடுவார். அரிசி மண்டி இல்லை, அண்ணன் வீடு இல்லை. என்னையும் பழையபடி பார்ப்பார். அன்றைக்கு நான் ரிஜிஸ்டரில் ஏறாத இரண்டு மணி நேரப் பர்மிஷனில் வெளியே போயிருந்தேன். பர்மிஷன் சீட்டுகளை மாதக் கடைசியில் கிழித்துப் போட்டுவிடுவோம். எனக்கு மட்டும்தான் தெரியும். நான் கேட்டைத் தாண்டியதுமே நைனா அடித்திருக்கிறார்.

"இல்லக்கா" என்றேன். "அன்னிக்கு ரெண்டு மணிக்குப் பர்மிஷன். தைக்கக் குடுத்த ரவிக்கையை வாங்க முகப்பேர் போனேன். ரெண்டு பத்துக்கு பாடி பஸ் ஸ்டாப்ல நின்னுட்டிருந்தேன். குடை எடுத்துட்டு வரலையேன்னு இருந்துது, அவ்வளவு வெயில்."

அக்கா ரிஜிஸ்டரை மூடினார். பிறகு அந்தக் கார்டையும் சிவப்புப் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். "இதுக்கு நீங்களே கோடு போட்டுடுங்க" என்றார்.

நான் போட்டு முடிக்கும் வரை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.